52 வயதில் மறுபடியும் ஒரு எட்டு

(ஜெகதாப்பட்டினத்தில், மீன்பிடித் தடைக்காலத்து மாலை ஒன்றில் ஆற்றிய உரை)



படகெல்லாம் கரையில் நிற்கிறது. ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்கிய தடை ஜூன் 14 வரைக்கும். இந்த 61 நாளில் ஊரில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பக்கம் வலை பொத்துகிறார்கள். ஒரு பக்கம் இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்கும் சத்தம் நான் வந்த வழியெல்லாம் கேட்டது. கடலுக்குப் போகாத நாளில்தான் கடலுக்குப் போவதற்கான வேலை முழுக்க நடக்கிறது. போன வருடம் இதே தடைக்காலத்தில், எனக்கும் பள்ளி விடுமுறையாக இருந்த நேரத்தில், நான் சென்னைப் பக்கம் போய் இரண்டு நாள் மோட்டார் சைக்கிள் ஓட்டப் படித்துவிட்டு வந்தேன். அதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு வயது 52. லைசென்ஸ் எடுத்து 33 வருடம் ஆகிறது. "என்ன மச்சான், இந்த வயசுல ரேஸுக்குப் போறியளா?" என்று என் மனைவியின் தம்பி கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஓட்டத் தெரிந்த ஆள் ஓட்டப் படிக்கப் போகிறார் என்றால் நம் ஊரில் யாருக்குமே அது விளங்காது.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இந்த ஊரில் ஒரு பையன் கடலுக்குப் போகத் தொடங்கினால் எடுத்த எடுப்பிலேயே சுக்கானை அவன் கையில் யாராவது கொடுத்துவிடுகிறார்களா? முதலில் சோறாக்குவான். தண்ணீர் இறைப்பான். கயிறு இழுப்பான், ஐஸ் உடைப்பான், மீன் தரம் பிரிப்பான். பிறகு வலை. காற்று வாடையா, கொண்டலா, சோழகமா, கச்சானா என்று முகத்தில் படும்போதே சொல்லத் தெரியவேண்டும். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கயிற்றின் சாய்வைப் பார்த்தே தெரியவேண்டும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஏசிக்கொண்டே இருப்பார். இத்தனையும் கழிந்து பல வருடம் ஆன பிறகுதான் அவன் டிரைவர். என் அப்பா வத்தை என்னும் நாட்டுப்படகில் போனவர். 20 வருடம் போன பிறகும், தன்னைவிட மூத்தவர் ஒருவர் "இப்படிச் செய்யி" என்று சொன்னால் சரி என்று கேட்டுக்கொள்வார். அதை அவர் குறைவாக நினைத்ததே இல்லை.

ரோட்டுக்கு நாம் எப்படிப் படித்தோம்? நான் 19 வயதில், சித்தப்பாவின் டிவிஎஸ் ஃபிப்டியில், ஒரே சாயங்காலத்தில் படித்தேன். அவர் பின்னால் கொஞ்சதூரம் ஓடி வந்தார். பிறகு கையை விட்டுவிட்டார். அவ்வளவுதான் படிப்பு. அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினேன், லைசென்ஸ் வந்தது. அதற்குப் பிறகு போன வருடம் வரைக்கும் ஒரு மனிதர்கூட என் வண்டி ஓட்டத்தைப் பார்த்து "இது சரி, இது தப்பு" என்று சொன்னதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

போன வருடம் ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை. நம் படகுகள் கரைக்கு வந்து, மீன் ஏறி, லாரிகள் கிளம்பிப் போயிருந்த நேரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் ரோட்டுக்கே வந்து எட்டிப் பார்க்கும் இடம். முன்னால் போன ஏதோ ஒரு லாரியிலிருந்து மீன் தண்ணீர் ஒழுகி, தார் ரோட்டில் ஒரு கோடு போல மினுங்கிக்கொண்டிருந்தது. கருவேலத்துக்குள்ளிருந்து ஒரு ஆடு வெளியே வந்தது. நான் வலது காலால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி எனக்குக் கீழே பக்கவாட்டில் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. அடுத்து நான் தரையில் இருந்தேன். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், தொடையில் தோல் உரிந்திருந்தது. ஹெல்மெட்டின் ஒரு பக்கம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. அது தலையில் இல்லாமலிருந்தால் தேய்ந்திருக்கக் கூடியது என்ன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நான் இயற்பியல் ஆசிரியன். உராய்வும் நிலைமமும் வருடா வருடம் கரும்பலகையில் நடத்துகிறேன். அன்றைக்கு என் கை முன் பிரேக் பக்கம் போகவே இல்லை. 33 வருடமாகவே போனதில்லை. "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்" என்று சித்தப்பா அன்று சொன்னது என் உடம்பில் அப்படியே உட்கார்ந்திருந்தது. படித்த பாடம் எதுவும் அதை அசைக்கவில்லை.

பிறகு தேடிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் அவர் குழுவும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தார்கள். அத்தோடு 3,600 போலீஸ் அறிக்கைகளையும் பார்த்தார்கள். 1981-இல் அறிக்கை வெளிவந்தது. விபத்தில் சிக்கிய நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி இல்லாதவர்கள்; தாங்களாகவோ, வீட்டாரிடமோ, கூட்டாளிகளிடமோ பழகியவர்கள். ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதும் வரைக்கும் அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 வினாடிக்கும் குறைவு. அந்த 2 வினாடியில் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. வண்டியைச் சட்டென்று விலக்கிக்கொண்டு போகும் திறமை அவர்களிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இதைப் படித்தபோது, அந்த விடியற்காலையில் நான் விழுந்ததை யாரோ எனக்கு 40 வருடம் முன்னாலேயே எழுதி வைத்திருப்பது போலிருந்தது.

நம் நாட்டுக் கணக்கும் சொல்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அந்த ஒரு வருடத்தில் ரோட்டில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் மட்டும் 74,897. ஹெல்மெட் போடாமல் போய் இறந்தவர்கள் 50,000-க்கும் மேல். நம் தமிழ்நாட்டில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. எத்தனையோ குடும்பத்துக்கு அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் அது விழுந்த பிறகு. விழாமலிருக்க ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது அதற்கு முந்தைய வேலை, அந்த வேலையை நாம் யாருமே எடுத்துக்கொள்ளவில்லை.

சொல்லிக்கொடுக்க இடமில்லாமலும் இல்லை. 1980-இல் கீத் கோட் என்பவர் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளி 2010-இலிருந்து நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கே வந்து பாடம் நடத்தியிருக்கிறது. அங்கே இருப்பது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத்தளம், 1990-இல் திறந்தது, 3.7 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன்னால் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்கும். இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலர் பேப்பரில் படித்திருப்பீர்கள். பிரிட்டனில் 1956-இலிருந்து மேம்பட்ட ஓட்டுநர் சங்கம் ஒன்று இயங்குகிறது. லைசென்ஸ் வாங்கி எத்தனையோ வருடம் ஆனவர்கள் தாங்களாகவே போய் மறுபடி சோதனைக்கு உட்கார்கிறார்கள். நான் போனது பந்தயத்தளத்துக்கு இல்லை. ஒரு பெரிய காலி மைதானத்தில் தார் போட்ட இடம், கொஞ்சம் ரோடு. பள்ளியின் பெயர் இங்கே முக்கியமில்லை. அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் 45-ஐத் தாண்டியவர்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, மகன் காலேஜுக்குப் போன பிறகு வண்டி வாங்கியவர். சொல்லிக்கொடுத்த தம்பிக்கு 30 வயதுகூட இருக்காது. என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார், ஆனால் தப்புச் செய்தால் விடமாட்டார். முதல் வேலையாக எட்டுப் போடச் சொன்னார். 33 வருடத்துக்கு முன்னால் போட்ட அதே எட்டு. இந்த முறை ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, கிளட்சைப் பாதியில் பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில். தலையைத் திருப்பி, அடுத்து எங்கே போகவேண்டுமோ அந்த இடத்தைப் பார்க்கச் சொன்னார். நான் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை கால் ஊன்றினேன். நான்காவது முறை கண்ணைத் தூக்கினேன். எட்டு தானாக முடிந்தது.

மத்தியானம் பிரேக் பாடம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், ஏனென்றால் நம் ஊருக்கு இதுதான் முதலில் வேண்டியது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு வினாடிக்கு 17 மீட்டர் போகிறோம். ஆபத்தைப் பார்த்து, மூளை சொல்லி, கை அசைய ஒரு வினாடி என்று வையுங்கள். 17 மீட்டர் அப்போதே போய்விட்டது. அதற்குப் பிறகு, காய்ந்த நல்ல ரோட்டில், இரண்டு பிரேக்கையும் முறையாகப் பிடித்தால் ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 40 மீட்டர். நடுவே இருக்கும் அந்த 20 மீட்டர், ஒரு விசைப்படகின் நீளத்துக்கும் மேல். அந்த 20 மீட்டருக்குள்தான் ஆடு நிற்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளை நிற்கிறது. வேகம் 40-இலிருந்து 60 ஆனால் ஒன்றரை மடங்குதான். பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் இரண்டேகால் மடங்கு.

ஏன் முன் பிரேக்கில் இவ்வளவு இருக்கிறது? மீன் லாரி சடாரென்று பிரேக் போட்டால் உள்ளே இருக்கும் பெட்டிகள் எந்தப் பக்கம் சரிகின்றன? முன்பக்கம். வண்டியில் நாமும் அப்படித்தான். பிரேக் பிடித்த மறுகணம் எடையில் பெரும்பகுதி முன்சக்கரத்தில் போய் உட்காருகிறது. முன் டயர் ரோட்டோடு அமுங்கிப் பிடித்துக்கொள்கிறது. பின்சக்கரம் இலேசாகி, மிதித்தால் சறுக்கத்தான் செய்யும். ஆகவே பிடிமானம் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, பிடிமானம் போய்விட்ட பக்கத்தை நாம் மிதித்துக்கொண்டிருக்கிறோம்.

சித்தப்பா சொன்னதும் பொய்யில்லை. முன் பிரேக்கை வெடுக்கென்று இழுத்தால், எடை முன்னால் வந்து சேர்வதற்குள் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, மணலில், மீன் தண்ணீரில் அப்படி இழுத்தால் விழுவது நிச்சயம். அவர் பார்த்த விழுதல் எல்லாம் அப்படிப்பட்டதாகத்தான் இருந்திருக்கும். எப்படிப் பிடிக்கவேண்டும் என்பதைச் சொல்ல அவருக்கு யாரும் இல்லை, பிடிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி, முதலில் தொட்டு, பிறகு அழுத்தி, பிறகு முழுப் பலத்தோடு என்று அந்தத் தம்பி சொல்லிக்கொடுத்தார். நான் சொல்வதைவிட நேரம் குறைவு அதற்கு. ஒரு வினாடிக்குள் முடியும். ஆனால் அந்தப் படிகள் இருக்கவேண்டும்.

முதல் தடவை என் கால்தான் முந்தியது. இரண்டாவது தடவையும். அவர் என்னிடம் வந்து, வலது காலைப் பெடலிலிருந்து எடுத்துப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லி, முன் பிரேக் மட்டும் பிடித்து நிற்கப் பழக்கினார். 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, 30, பிறகு 40. வண்டியின் மூக்கு அமுங்கி இறங்குவதும், டயர் ரோட்டைக் கவ்வுவதும் உள்ளங்கைக்கே தெரிந்தது. பயம் அங்கே குறையத் தொடங்கியது. முதலில் நான் 50 வேகத்தில் வந்து நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். சாயங்காலம் அதே வேகத்தில் வந்து நின்றேன். இரண்டுக்கும் நடுவே நடந்து பார்த்தேன், 11 தப்படி. அந்த 11 தப்படியை வைத்துக்கொண்டு நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். என் மாணவன் ஒருவனை இதே ரோட்டில் இழந்திருக்கிறேன். அவனுக்கு அத்தனை தப்படிகூடத் தேவைப்பட்டிருக்காது.

2019 ஏப்ரலிலிருந்து விற்கும் வண்டிகளில், 125 சி.சி.க்கு மேல் என்றால் ஏ.பி.எஸ். உண்டு, சக்கரம் பூட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். 125 வரை உள்ளவற்றில் ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் கொஞ்சம் பிடிக்கும் ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் நம் தெருவில் நிற்கும் வண்டியில் பாதி அதற்கு முந்தையது. அதுவும் தவிர, ஏ.பி.எஸ். இருந்தும் கை போகாவிட்டால் அது என்ன செய்யும்?

மறுநாள் காலையில் திரும்பும் பாடம். இங்கேதான் எனக்கு நம் ஊர் கைகொடுத்தது.

வேகமாகப் போகும் மோட்டார் சைக்கிளை வலது பக்கம் திருப்ப என்ன செய்கிறோம்? ஹேண்டிலை வலது பக்கம் திருப்புகிறோம் என்போம். இல்லை. வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுகிறோம். அப்படியென்றால் முன்சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் திரும்புகிறது. வண்டி வலது பக்கம் சாய்கிறது. சாய்ந்த பக்கமே போகிறது. தெரியாமலேயே எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அதில் மூத்தவர் வில்பர், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பல பேரிடம், இடது பக்கம் எப்படித் திரும்புகிறாய் என்று கேட்டுப் பார்த்தாராம். முதலில் வலது பக்கம் லேசாகத் திருப்புகிறேன் என்று கேட்டவுடனே ஒருவர்கூடச் சொல்லவில்லை. உடம்புக்குத் தெரிகிறது, மனசுக்குத் தெரியவில்லை. சாதாரண நேரத்தில் அதனால் நஷ்டமில்லை. முன்னால் திடீரென்று பஸ் நின்றால், அந்த 2 வினாடியில், மனசு சொல்வதைக் கை கேட்கும். பஸ்ஸை விட்டு வலது பக்கம் விலக நினைத்து ஹேண்டிலை வலது பக்கம் இழுப்போம். வண்டி இடது பக்கம் சாய்ந்து, பஸ்ஸை நோக்கியே போகும்.

மற்ற எட்டுப் பேரும் இதை நம்ப மறுத்தார்கள். எனக்குச் சொன்ன உடனேயே புரிந்தது, அப்பாவின் வத்தை ஞாபகம் வந்ததால். சுக்கான் தடியை இடது பக்கம் தள்ளினால் படகு எந்தப் பக்கம் போகும்? வலது பக்கம். இங்கே உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். நாட்டுப்படகில் போகும் அண்ணன்மார் பின்னணியத்தில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை செய்வது. காரணம் வேறு, அங்கே நீர் தள்ளுகிறது, இங்கே சாய்வு திருப்புகிறது. ஆனால் எதிர்ப்பக்கம் தள்ளிப் போகவேண்டிய பக்கம் போவது நம் கைக்குப் புதிதே இல்லை. ரோட்டுக்கு வந்ததும் கை அதை மறந்துவிடுகிறது. 40 வேகத்தில் நேராக வந்து, நட்டு வைத்திருந்த கூம்பை விட்டு, வலது கைப்பிடியைத் தள்ளி வலமாகவும், இடது கைப்பிடியைத் தள்ளி இடமாகவும் விலகிப் போனோம். பத்து முறை செய்த பிறகு வண்டி என் விரல் நுனியில் இருந்தது.

பார்வை பற்றியும் ஒன்று. ஆபத்தையே முறைத்துப் பார்த்தால் வண்டி அங்கேயேதான் போகும். குழியைப் பார்த்தவர் குழியில் விழுவார். பக்கத்தில் இருக்கும் நல்ல ரோட்டைப் பார்த்தவர் தப்புவார். இதுவும் உங்களுக்குத் தெரிந்ததே. கரைக்குத் திரும்பும்போது மணல்திட்டைப் பார்த்துக்கொண்டா படகை விடுகிறீர்கள்? தென்னந்தோப்பையும் செல்போன் கோபுரத்தையும் நேராக வைத்து, ஆழமான வழி எங்கே என்று பார்த்துத்தானே விடுகிறீர்கள். வளைவில் பிரிட்டன் போலீசுக்குச் சொல்லித்தரும் ஒரு முறை உண்டு. ரோட்டின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தெரியும் புள்ளி ஒன்று இருக்கும். நாம் போகப் போக அந்தப் புள்ளியும் விலகிப் போனால் வளைவு திறக்கிறது, சரி. புள்ளி நம்மை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்கவேண்டும். கருவேலம் மறைக்கும் நம் வளைவுகளில் அந்தப் புள்ளி மிகப் பக்கத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம் எதுவோ, அதுதான் அங்கே வேகம்.

என் வயதைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இருட்டில் எதிரே வரும் லாரி விளக்கு கண்ணைக் கூசினால் பழைய பார்வை திரும்ப நேரம் எடுக்கிறது. கழுத்து முன்போலத் திரும்பாது. திருப்பத்துக்கு முன்னால் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பதை நானே எப்போதோ விட்டிருந்தேன். கையும் கொஞ்சம் தாமதம். இதெல்லாம் உண்மை. அதனால்தான் இந்த வயதில் போனேன். 20 வயதில் தப்பான பழக்கத்தையும் மறைத்துவிட்ட வேகம் இப்போது என்னிடம் இல்லை. பழக்கம் மட்டும் இருக்கிறது, அதுவும் 33 வருடம் இறுகிப்போய். ஆனால் அந்த மைதானத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். எங்களில் இளைஞர்கள் சொன்னதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் வேகத்தையும் உடனே ஏற்றினார்கள். நாங்கள் ஐந்து பேரும் மெதுவாகப் பிடித்தோம், பிடித்ததை 20-ஆவது தடவையும் அலுக்காமல் செய்தோம். பிரேக்குக்கு அந்த 20-ஆவது தடவைதான் வேண்டும்.

இப்போது மீன் ஏற்றி ஓட்டும் தம்பிகளுக்கு. உங்களைத்தான் நான் அதிகம் நினைத்தேன். விடியும் முன் ஏலத்தில் எடுத்து, பின்னால் பெட்டி கட்டி, ஐஸ் போட்டு, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், அதற்கும் உள்ளே கிராமம் கிராமமாகப் போகிறீர்கள். மீன் கெட்டுப்போகும் என்ற அவசரம் யாருக்கும் இல்லாத அவசரம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் வண்டி வேறு வண்டி. பின்னால் 60, 70 கிலோ இருக்கும்போது எடை பின்சக்கரத்தில் இருக்கிறது. முன் டயர் இலேசாக இருக்கும், ஹேண்டில் ஆடும். அப்போது பின் பிரேக்குக்கும் நல்ல வேலை உண்டு, இரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்கவேண்டும், நிற்கும் தூரமும் கூடும். திரும்பி வரும்போது பெட்டி காலி. அதே மிதி மிதித்தால் பின்சக்கரம் சறுக்கும். காலையில் ஒரு வண்டி, மத்தியானம் வேறொரு வண்டி, ஓட்டுகிறவர் ஒருவரே. பெட்டிக்குள் ஐஸ் கரைந்த தண்ணீர் தளும்பினால் திருப்பத்தில் அது உங்களைத் தள்ளும். பெட்டி எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டயரில் காற்று, பாரத்துக்கு ஏற்ற அளவு. டயர் ரோட்டைத் தொடும் இடம் ஒரு உள்ளங்கை அளவுகூட இல்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் அந்த உள்ளங்கையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லாரி ஓட்டும் அண்ணன்மாரிடமும் ஒரு விண்ணப்பம். மீன் தண்ணீரை ரோட்டில் விட்டுக்கொண்டே போகாதீர்கள். பெட்டிக்குக் கீழே ஒரு தொட்டி, ஒரு குழாய், நிறுத்தும் இடத்தில் திறந்துவிடலாம். நம் மீனின் தண்ணீரில் நம் பிள்ளைகளே வழுக்கி விழுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று கடலையே பேசிப் பகிர்ந்துகொண்டவர்கள் நாம். ரோட்டைப் பற்றியும் நாம் உட்கார்ந்து பேசலாம்.

ஹெல்மெட் பற்றி நீங்கள் எதிர்பார்ப்பதை நான் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று: கழுத்து வாரைப் பூட்டுங்கள். பூட்டாத ஹெல்மெட் நீங்கள் தரையைத் தொடும் முன்பே தலையை விட்டுப் போய்விடும். பின்னால் உட்கார்ந்து வரும் அக்காவுக்கும் ஒன்று வாங்குங்கள்.

அந்தப் படிப்பு முடிந்து வந்த பிறகு எனக்கு ஏதோ பெரிய தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வேகம் குறைந்திருக்கிறது. முன்பு தெரியாத விஷயங்கள் இப்போது கண்ணில் படுகின்றன: ரோட்டில் மணல் படிந்த இடம், ஆட்டுக்கிடை இருக்கும் பக்கம், பஸ்ஸுக்குப் பின்னால் கடக்க நிற்கும் காலின் நிழல். நான் விழுந்த அந்த வளைவை வாரத்தில் ஐந்து நாள் தாண்டுகிறேன். இரண்டு விரல் எப்போதும் முன் பிரேக்கின் மேல் தயாராக இருக்கும். போன மழைக்காலத்தில் ஒருநாள் அங்கே மறுபடி ஒரு ஆடு வந்தது. நான் நின்றேன். அது என்னைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் தாண்டிப் போனது.

எல்லோரும் சென்னைக்குப் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் காசு வேண்டும், லீவு வேண்டும். தடை முடிய இன்னும் நாள் இருக்கிறது. லாரி நடமாட்டம் இல்லாத இந்த நாட்களில் துறைமுகத்துக்குள் போகும் ரோடு காலியாகத்தான் கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், அங்கே நிற்பேன். முதலில் எட்டு, பிறகு 20 வேகத்தில் முன் பிரேக், அதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம். ஸ்கூட்டி ஓட்டும் தங்கைமாரும் வாருங்கள், உங்களுக்குத் தனியாக நேரம் வைக்கலாம். மீன் வண்டிக்காரர்கள் பெட்டியைக் கழற்றாமல், அதில் பாரத்துக்கு மணல்மூட்டை வைத்துக்கொண்டு வாருங்கள். டயரில் காற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். கோடு போட சாக்பீஸ் நான் கொண்டு வருகிறேன்.